இருபத்து நான்கு விநாடி

"என் தலைக்குள்ள இருந்து ஒருத்தன் திருடியிருக்கான், மிஸ்டர் உத்தமன். எனக்கு அவன் பேரு வேணும்."

இக்னேஷியஸ் இதைச் சொல்லிவிட்டு, இடது கையால் தன் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். யாரோ மறந்துவிட்டுப் போன பொருளை எடுத்து ஓரமாக வைப்பதுபோல இருந்தது அது.

ஆவடி தொழிற்சாலைக் குடியிருப்பின் முன்னறை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பது, ஜூலை, ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. துப்பறியும் உத்தமன் பிரம்பு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கேட்பதைவிட கேட்காமல் இருப்பதில் அதிகம் தெரிந்துகொள்கிறவன் அவன். அந்தக் குறையை ஈடுகட்ட அவனுக்குச் சுலைமான் இருந்தான். பூந்தமல்லியில் சைக்கிள் கடை வைத்திருந்தவன். பஞ்சர் ஒட்டுவதைவிட வாய் ஒட்டாமல் பேசுவது நன்றாக வருகிறது என்று தெரிந்ததும் உத்தமனிடம் உதவியாளனாகச் சேர்ந்துவிட்டான்.

"தலைக்குள்ள இருந்தா? எந்த ஜன்னலை ஒடச்சான் சார்?" என்றான் சுலைமான்.

இக்னேஷியஸ் சிரிக்கவில்லை. டீப்பாய் மேல் இருந்த கேசட்டை உத்தமன் பக்கம் தள்ளினார். நீல அட்டை. அட்டையில் அவர் பெயர். ஆறு பாடல்கள்.

பகலில் தொழிற்சாலை ஸ்டோர்ஸில் எழுத்தர். சனிக்கிழமை இரவுகளில் மவுண்ட் ரோடு ஹோட்டல் ஒன்றில் ஜாஸ் பியானோ. இருபத்தாறு வருடம் அப்படி ஓடியிருக்கிறது. ஐம்பதைத் தாண்டியதும் அவருக்கு என்னவோ ஆகிவிட்டது. மரப் பியானோ போதும் என்று விட்டுவிட்டு எலெக்ட்ரிக் பியானோ, சிந்தசைசர் என்று இறங்கினார். ஹோட்டலில் சிரித்தார்கள். அவர் பருத்திப்பட்டில் ஆனந்தன் என்பவனுடைய சின்ன ஒலிப்பதிவுக் கூடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் போய், ஏழு மாதம் உட்கார்ந்து, வரிகள் இல்லாத ஐந்து பாடல்களைப் பதிவு செய்தார். ஆறாவதற்குக் கீழ்ப்பகுதி மட்டும் எலெக்ட்ரிக் பியானோவில் வாசித்து வைத்தார். அதற்கு மேலே வரவேண்டிய ராகத்தை அடுத்த ஞாயிறு சிந்தசைசரில் வாசிப்பதாக இருந்தார். அந்த வெள்ளிக்கிழமை பக்கவாதம் வந்து வலது கையைக் கொண்டுபோய்விட்டது.

"அது போன வருஷம் ஆகஸ்ட். ஆறாவது அப்படியே நின்னுபோச்சு. இப்ப ஜூன்ல ஆனந்தன்கிட்ட இருந்து கேசட் வருது. யாருன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறான். ஆறும் முழுசா இருக்கு. மேல யாரோ வாசிச்சிருக்கான்."

"கன்னாபின்னான்னு வாசிச்சிருக்கானா?"

"அப்படி இருந்தா தூக்கிப் போட்டுட்டுப் போயிருப்பேன், தம்பி." அவர் குரல் இறங்கியது. "அது என் ராகம். நான் யாருக்கும் வாசிச்சுக் காட்டினதில்ல. எழுதி வைக்கவும் இல்ல. இங்க மட்டும்தான் இருந்துச்சு." நெற்றியைத் தொட்டுக் காட்டினார். "அதுல நடுவுல ஒரு இடம். ராகம் நின்னுடும். இருபத்து நாலு விநாடி. எண்ணிப் பார்த்தேன். கீழ என் பியானோ மட்டும் தனியா நடந்துக்கிட்டு இருக்கும். மேல யாருமே இல்ல. அப்புறம் மெதுவா வந்து சேரும். அந்த மாதிரி ஒரு மௌனத்தை வைக்க எனக்குத் தைரியம் வந்ததே இல்ல, மிஸ்டர் உத்தமன். வாழ்நாள் பூரா தேடினேன். அதை எவனோ என் பாட்டுல வந்து வெச்சுட்டுப் போயிட்டான். அதான் எனக்கு ராத்திரி எல்லாம் தூக்கம் வராம—"

நாலரை மணித் தொழிற்சாலைச் சங்கு ஊதியது.

அவர் பாதி வார்த்தையில் நின்றார். பக்கத்து வீட்டில் யாரையோ திட்டிக்கொண்டிருந்த பெண்குரலும் நின்றது. சுலைமான் மட்டும் ஏதோ சொன்னான்; உதடு அசைந்ததே தவிர ஒன்றும் கேட்கவில்லை. சங்கு இறங்கி ஓய்ந்ததும் பக்கத்து வீட்டுத் திட்டு தொடர்ந்தது.

"—கிடக்கேன்" என்று முடித்தார் இக்னேஷியஸ்.

"இன்னா சார் இது, காது கிழிஞ்சிடுச்சு" என்றான் சுலைமான்.

"எது?"

"சங்கு."

"ஓ, அதுவா. ஊதிச்சா?" என்றார் அவர்.

உத்தமன் அறையைச் சுற்றிப் பார்த்தான். சுவரில் ஒரு பெண்ணின் படம். கீழே சிறிய மெழுகுவர்த்தி. மூலையில் துணி போர்த்திய பெட்டி ஒன்று. அதன் மேல் தைலப் புட்டியும், கையில் தேய்க்கும் பழைய துண்டும்.

"ஜெயகுமாரி. என் மனைவி" என்றார் இக்னேஷியஸ், அவன் பார்வையைப் பார்த்து. "மார்ச்சில போயிட்டா. தூக்கத்துலயே. இந்தக் கைக்காக வாராவாரம் செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலுக்கு நவநாள் செபத்துக்குப் போவா. மூணு மணிக்குப் போனா ஆறு ஆகும் வர்றதுக்கு. கையும் வரல, அவளும் போயிட்டா."

"அந்தோணியார்னா, காணாமப் போனதைக் கண்டுபிடிச்சுக் குடுக்கிறவரு இல்ல?" என்று சுலைமான் கேட்டான். "நம்ம லைனு."

உத்தமன் அவன் காலை மிதித்தான்.

"உங்க மனைவிக்கு உங்க சங்கீதம் பிடிக்குமா?"

"அவளுக்கு என்ன தெரியும்? முப்பது வருஷத்துல ஒரு வார்த்தை நல்லாயிருக்குன்னோ இல்லைன்னோ சொன்னதில்ல." இக்னேஷியஸ் கேசட்டை மறுபடி தட்டினார். "நூம்பல்ல சத்தியராஜ்னு ஒரு பையன். என்கிட்ட கத்துக்கிட்டுச் சண்டை போட்டுட்டுப் போனவன். அங்க தொடங்குங்க."

மறுநாள் காலை நூம்பலில், பூச்சு வேலை முடியாத ஒரு வீட்டின் மாடியில், சத்தியராஜ் கேசட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். ஆறாவது பாடல் முடிந்ததும் கண்ணைத் திறந்தான்.

"சார் என்னைத்தான் சொல்லியிருப்பாரு."

"சொன்னார்" என்றான் உத்தமன்.

"நானா இருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்." அவன் தன் கீபோர்டின் இடது ஓரத்தில் இருந்த சிறு சக்கரத்தை விரலால் உருட்டினான். சுரம் வளைந்து நெளிந்தது. "இதைப் பாருங்க. கீபோர்டு வாங்கின அன்னிக்கே எல்லாரும் இதைத்தான் உருட்டுவோம். இடது கை சும்மா இருக்கில்ல? தானா இங்க போயிடும். இந்தப் பாட்டுல வாசிச்ச ஆள் ஒரு தடவைகூடத் தொடல. வெறும் வலது கை. இடது கை அங்க வேற ஏதோ வேலையா இருக்கு."

"டீ குடிச்சுகினு வாசிச்சிருப்பான்" என்றான் சுலைமான்.

"அப்புறம் அந்த நிறுத்தம். கல்யாணக் கச்சேரில வாசிக்கிறவன் சார் நான். நாலு விநாடி சும்மா இருந்தாலே மைக்செட்காரன் எட்டிப் பார்ப்பான். இருபத்து நாலு விநாடி என்னால கையைக் கட்டிக்கிட்டு இருக்க முடியாது." சத்தியராஜ் கேசட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது தயங்கினான். "யாருன்னு தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க. பார்க்கணும்."

படியிறங்கும்போது சுலைமான் சொன்னான்: "அண்ணாத்தே, நமக்கு வேண்டியது ஒத்தைக் கையாலே வாசிக்கிற ஆளு. அந்த மாதிரி ஒருத்தருதான் நமக்குத் தெரியும். நம்ம பார்ட்டியே. மறந்துபோய் அவரே வாசிச்சிருந்தா?"

"அவருக்கு இருக்கிறது இடது கை."

"அதானே. கேஸ் முடிஞ்சுடுமோன்னு பயந்துட்டேன்."

பருத்திப்பட்டில் ஆனந்தனின் கூடம் முன்பு கோழிப்பண்ணையாக இருந்த ஷெட். எதிரொலி வராமல் இருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டியிருந்தான்.

"கோழிங்க காலி பண்ணியும் முட்டைங்க காலி பண்ணல" என்று சுலைமான் உள்ளே நுழைந்தான்.

ஆனந்தன் ஒல்லியாக, கண்ணாடியின் ஒரு காதில் நூல் கட்டியபடி இருந்தான். கேசட்டைப் பார்த்ததும் அவன் முகம் மூடிக்கொண்டது.

"சாரே வாசிச்சதுதாங்க."

"கை விழுந்தப்புறமா?"

ஆனந்தன் தரையில் கிடந்த வயர் ஒன்றைச் சுருட்டத் தொடங்கினான். உத்தமன் சிந்தசைசர் பக்கம் போனான். இரும்புத் தாங்கியின் மேல் அது கறுப்பாக உட்கார்ந்திருந்தது. பின்பக்கம், இடது மூலையில், தாங்கியிலிருந்து சுவர் ஆணி வரைக்கும் ஒரு சைக்கிள் டியூப் துண்டு கட்டியிருந்தது.

"இன்னாபா, கீபோர்டுக்குப் பஞ்சரா?" சுலைமான் தன் பழைய தொழிலைக் கண்ட சந்தோஷத்தில் அதைத் தொட்டுப் பார்த்தான். "நல்ல டியூப்பு. ஆனா நாலு எடத்துல தேஞ்சு வழவழன்னு கீது. வரிசையா."

உத்தமன் குனிந்து பார்த்தான். பிறகு இசைக்கிறவரின் இருக்கையில் உட்கார்ந்தான். வலது கையைக் கட்டைகள் மேல் வைத்தான். இடது கையைப் பின்னால் நீட்டினான். நான்கு விரல்களும் அந்த நான்கு வழவழப்பான இடங்களில் போய் உட்கார்ந்தன. இழுத்தான். டியூப் வந்தது. விட்டான். திரும்பிப் போனது. மறுபடி இழுத்தான்; விட்டான்.

அந்த அசைவை அவன் எங்கெங்கோ பார்த்திருந்தான். பஜனைகளில். தெருக்கூத்துக் கொட்டகையில். கோயில்களில்.

"சுலைமான், ஆர்மோனியம் வாசிக்கிறவங்க இடது கை என்ன பண்ணும்?"

"பின்னால துருத்தி போடும். காத்து வேணும்ல." சுலைமான் வாயைத் திறந்தபடி நின்றான். "மின்சாரத்துல ஓடுற பெட்டிக்குக் காத்து எதுக்கு அண்ணாத்தே?"

"பெட்டிக்கு வேண்டாம். கைக்கு வேணும். முப்பது நாற்பது வருஷம் துருத்தி போட்ட கை, அது அசையாம இருந்தா வலது கை ஓடாது." அவன் ஆனந்தனைப் பார்த்தான். "அந்தக் கை பிடிச்சு இழுத்ததுல தாங்கி ஆடியிருக்கும். நீதான் இந்த டியூப்பைக் கட்டிக் கொடுத்தே."

"நான் சத்தியம் பண்ணியிருக்கேன் சார்" என்றான் ஆனந்தன் மெதுவாக. "பேரைச் சொல்ல மாட்டேன்."

"சொல்ல வேண்டாம். நான் பேசறேன். தப்பா இருந்தா மட்டும் நீ பேசு. சரியா இருந்தா சும்மா இரு."

ஆனந்தன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வேணும். தொழிற்சாலைச் சங்கு இங்கே கேட்குமா?"

"கூரை அதிரும்."

"டேப்புல ஏன் இல்லை?"

"கீபோர்டுல இருந்து வயர் நேரா மெஷினுக்குப் போகுது சார். மைக்கே கிடையாது. இங்க இடி விழுந்தாலும் டேப்புக்குத் தெரியாது."

உத்தமன் இருக்கையிலிருந்தபடியே ஆனந்தன் பக்கம் திரும்பினான்.

"அந்த இருபத்து நாலு விநாடி சங்கீதம் இல்லை, ஆனந்தன். அது சங்கு. நேத்து நாங்க ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தோம். சங்கு ஊதினப்ப இக்னேஷியஸ் பாதி வார்த்தையில் நின்னார். பக்கத்து வீட்டிலும் நின்னாங்க. ஓய்ஞ்சதும் விட்ட இடத்திலிருந்து பேசினாங்க. சங்கு ஊதிச்சான்னே அவருக்குத் தெரியலை. முப்பது வருஷம் அங்கே இருந்தா காது அதைக் கேட்கிறதை விட்டுடுது; வாய் மட்டும் தானா நின்னுடுது. கையும் நிக்கும். இங்கே உட்கார்ந்து வாசிச்சவங்க குவார்ட்டர்ஸ் ஆள். நூம்பல்காரன் இல்லை."

ஆனந்தன் பேசவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை சங்கு கிடையாது. அதனால் இது வேலை நாள். மாலை நாலரை மணி."

ஷெட்டுக்கு வெளியே ஒரு லாரி போய் மறைந்தது. ஆனந்தன் பேசவில்லை.

"செவ்வாய்க்கிழமை" என்றான் உத்தமன்.

ஆனந்தன் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"நவநாளுக்குப் போறேன்னு வீட்ல சொல்லிட்டு வருவாங்க" என்றான் ஆனந்தன், கடைசியில். "நவம்பர்ல ஆரம்பிச்சாங்க. குவார்ட்டர்ஸ் கோயில்ல ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிப் பூசைக்கு அவங்கதான் ஆர்மோனியம். சாருக்கு அது தெரியும், ஆனா ஒருநாள்கூடக் கேட்டதில்ல. சனிக்கிழமை ஹோட்டல்ல வாசிச்சுட்டு வந்து தூங்கிட்டிருப்பாரு. அக்கா முதல் தடவை வந்தப்ப கட்டையைத் தொடவே பயந்தாங்க. ஷாக் அடிக்குமான்னு கேட்டாங்க. தலைவலிக்குதுன்னு ஹெட்போன் போட மாட்டாங்க. சாரோட பியானோவை ஸ்பீக்கர்ல போட்டுக் கேட்டுக்கிட்டே பழகினாங்க. நாலு மாசம். மார்ச்சில ஒரு செவ்வாய்க்கிழமை, முதல் தடவையா முழுசா எடுத்தோம். நடுவுல சங்கு. ஸ்பீக்கர்ல ஒண்ணும் கேட்கல, அப்படியே நின்னுட்டாங்க. ஓய்ஞ்சதும் சாரோட பியானோ எங்க போயிட்டிருக்கோ அங்க போய்ச் சேர்ந்துக்கிட்டாங்க. இடைவெளி விழுந்துடுச்சுக்கா, இன்னொரு தடவை எடுத்துடலாம்னேன். அடுத்த செவ்வாய் வர்றேன்னாங்க."

அவன் மடியிலிருந்த கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டான்.

"ஏன் மறைக்கச் சொன்னாங்க?" என்று கேட்டது சுலைமான்தான். அவன் குரல் வேறு யாருடையதோபோல இருந்தது.

"நானும் கேட்டேன். 'நான்னு தெரிஞ்சா கேட்க மாட்டாரு தம்பி. யாரோன்னு நினைச்சாத்தான் கேட்பாரு'ன்னாங்க."

உத்தமன் எழுந்தான். வாசலில் ஆனந்தன் அவன் கையைப் பிடித்தான்.

"சார்கிட்ட சொல்லாதீங்க. அவங்க கேட்டுக்கிட்டது அது ஒண்ணுதான்."

"நான் ஒண்ணும் சொல்லப் போறதில்லை" என்றான் உத்தமன். "ஒரு உதவி பண்ணு. ஆறாவது பாட்டுத் தொடங்கி அந்த இடம் வர எத்தனை நேரம் ஆகுதுன்னு உன் மெஷினில் ஓடவிட்டுச் சொல்லு."

மூன்று நிமிடம் பத்து விநாடி.

அன்று மாலை நான்கு இருபதுக்கே உத்தமன் இக்னேஷியஸின் முன்னறையில் இருந்தான். டேப் ரிக்கார்டரைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். சங்கைக் கேட்டு மணியைச் சரிசெய்கிற ஊர் அது. வரும் வழியில் ஸ்டேஷன் கடிகாரத்தோடு தன்னுடையதை ஒத்துப் பார்த்திருந்தான்.

"பேரு கிடைச்சுதா?" என்றார் இக்னேஷியஸ்.

"கிடைச்சது. ஆனா சொல்ல மாட்டேன். நீங்க ஒரு தடவை பாட்டைக் கேட்கணும்."

"நூறு தடவை கேட்டாச்சு."

"இந்த நேரத்தில் கேட்டதில்லை."

நான்கு இருபத்தாறு, ஐம்பது விநாடி. உத்தமன் பொத்தானை அழுத்தினான்.

எலெக்ட்ரிக் பியானோ தண்ணீருக்கடியில் விளக்கு எரிவதுபோலத் தொடங்கியது. மேலே அந்த ராகம் வந்தது. எளிமையானது. விரல் தயங்கித் தயங்கி, ஆனால் ஒரு இடத்திலும் தப்பாமல். சுலைமான் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டான்.

"என்ன விளையாட்டு இது?" இக்னேஷியஸுக்குக் கோபம் ஏறியது. "நான் கேட்டது பேரு. எவன் அவன்னு சொன்னா நான் அவனை நேரா—"

ராகம் நின்றது. சங்கு ஊதியது.

அவர் வாய் நின்றது. பக்கத்து வீடு நின்றது. சங்கின் ஓலம் அறையை நிரப்பி, பியானோவை மூடி, மெழுகுவர்த்தியின் சுடரைத் தொட்டு, மெல்ல இறங்கி, ஓய்ந்தது. அது ஓய்ந்த இடத்தில் ராகம் திரும்ப வந்து பியானோவோடு சேர்ந்துகொண்டது.

இக்னேஷியஸ் தன் வாக்கியத்தை முடிக்கவில்லை.

பாட்டு முடிந்தது. நாடா சும்மா ஓடிக்கொண்டிருந்தது. யாரும் அதை நிறுத்தவில்லை.

"நாலரை" என்றார் அவர். வெகு நேரம் கழித்து, "வேலை நாள்" என்றார். அப்புறம் பக்கத்து வீட்டுப் பக்கம் திரும்பி, அங்கே பேச்சு மறுபடி தொடங்கியிருப்பதைக் கேட்டார். முதல்முறையாகக் கேட்கிறவர்போலக் கேட்டார். "இங்க இருக்கிற ஆளு."

உத்தமன் தலையை அசைக்கவும் இல்லை.

அவர் பார்வை சுவரில் இருந்த படத்துக்குப் போகவில்லை. மூலையில் துணி போர்த்திய பெட்டிக்குப் போனது.

"தினமும் ஷேவிங் பண்றப்ப முணுமுணுப்பேன்" என்றார். "அவ அடுப்படியில பாத்திரம் தேய்ச்சுக்கிட்டு இருப்பா. நான் முணுமுணுக்க ஆரம்பிச்சா பாத்திரச் சத்தம் நின்னுடும். வேலையை முடிச்சுட்டாப் போலன்னு நினைச்சுப்பேன்."

இடது கையால் வலது கையை மடியில் நகர்த்தி வைத்தார்.

"கல்யாணமாகி வந்தப்ப திருச்சியில இருந்து அந்த ஆர்மோனியத்தைக் கொண்டுவந்தா. முதல் வாரம் வாசிச்சா. நான் சொன்னேன், இந்த வீட்டுல துருத்தி போடறதுக்கு நான் ஒண்ணும் கொல்லன் இல்லன்னு. பெரிய ஜோக்குன்னு நினைச்சுச் சொன்னேன். அவளும் சிரிச்சா." அவர் இடது கையால் முகத்தைத் துடைத்தார். "அதுக்கப்புறம் வீட்டுல திறக்கவே இல்ல. கோயில்ல இருக்கிறதைத்தான் வாசிச்சா. நான் மேல தைலப் புட்டியை வெச்சேன்."

எழுந்து, காலை இழுத்து இழுத்து மூலைக்குப் போனார். துணியை உருவினார். புட்டி சரிந்தது, சுலைமான் தாவிப் பிடித்துக்கொண்டான். பெட்டியைத் திறந்தபோது பூச்சி மருந்து வாசனை வந்தது. கட்டைகளில் தூசி இல்லை. யாரோ துடைத்து வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

இக்னேஷியஸ் தரையில் உட்கார்ந்து, இடது கையைப் பின்னால் கொண்டுபோய்த் துருத்தியைப் பிடித்தார். நான்கு விரல்கள். இழுத்தார், விட்டார். வலது கை மடியில் அப்படியே கிடந்தது. பெட்டிக்குள் காற்று நிறைந்து மெல்லிதாக மூச்சு விட்டது. சுரம் எதுவும் வரவில்லை.

சுலைமான் தைலப் புட்டியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு கட்டையை நோக்கி விரலை நீட்டினான்.

உத்தமன் அவன் மணிக்கட்டைப் பிடித்தான்.

இக்னேஷியஸ் துருத்தியைப் போட்டுக்கொண்டே இருந்தார்.